ஒன்றரை வினாடி

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு ஒரு சளி வந்து போனது. போன பிறகு சொல்வதால் நீ மருந்துப் பட்டியல் அனுப்ப வேண்டியதில்லை.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான், மெசேஜ் போட்டால் ஆகாதா என்று மாமா மறுபடியும் கேட்டாராம். அவரிடம் சொல்லு. மெசேஜ் போட்டால் நீ பாதி படித்ததுமே என்னைப் போனில் கூப்பிடுவாய். நான் முதல் எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே என் வாக்கியத்தை நீயே முடித்து, அதற்குப் பதிலும் சொல்லி, போனையும் வைத்துவிடுவாய். தாளில்தான் எனக்குத் திக்குவதில்லை. தாளில் நான் பெரிய வாயாடி. தபால்காரருக்கும் கொஞ்சம் வேலை இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிற்சாலையில் பதினோரு வருஷமாக வெறும் குளியலறைக் கண்ணாடிதான் செய்துகொண்டிருந்தோம். கடைசி மேஜையில் உட்கார்ந்து கீறல், குமிழி, ரசம் போன ஓரம் எல்லாம் பார்த்து, நல்லதற்குப் பச்சைச் சீட்டும் கெட்டதற்குச் சிவப்புச் சீட்டும் ஒட்டுவது என் வேலை. கண் இருந்தால் போதும், வாய் வேண்டியதில்லை. இந்த வேலையை நான் ஏன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன் என்று உனக்குத் தெரியும். இப்போது முதலாளி ஸ்மார்ட் கண்ணாடிக்கு மாறிவிட்டார். நீ பேசினால் அது விளக்குப் போடும், ஷவரில் தண்ணீரைச் சூடாக்கும், மழை வருமா என்று சொல்லும். எடை பார்க்கும் மெஷினையும் அதோடு இணைக்கலாம். ஊழியர் விலையில் ஒன்று வாங்கி உனக்குப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மாமாவை இரண்டு ஓட்டை மட்டும் போடச் சொல்லு.

அடுத்த வாரத்திலிருந்து எங்களுக்குப் புது விதி. ஒவ்வொரு கண்ணாடியிடமும் சோதனைக்காரர் ஒரு வாக்கியம் பேசிப் பார்க்க வேண்டும். சோதனைக்காரர் நான்தான். அதில் ஒன்றும் கவலையில்லை.

குட்டிக்கு என் முத்தம்.

தம்பி

*

பிப்ரவரி 15

என் செல்லத் தம்பிக்கு,

காலையிலிருந்து பேருந்து நிலையத்தில் நாற்பது பேருந்துகளை மைக்கில் அறிவித்து வழியனுப்பிவிட்டு வந்து எழுதுகிறேன். தொண்டை கட்டியிருக்கிறது. மற்றபடி மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம்.

கண்ணாடி வந்தது. மாமா ஐந்து ஓட்டை போட்டார். இரண்டில் கண்ணாடி தொங்குகிறது, மூன்றில் பற்பசையை அடைத்து மறைத்திருக்கிறார். எடை மெஷினை இணைத்ததுதான் பெரிய தப்பு. தினமும் காலையில் வீடே கேட்கும்படி, "நேற்றைவிட நானூறு கிராம் கூடியிருக்கிறது" என்கிறது. "இத மெதுவா சொல்லக்கூடாதா?" என்று மாமா கெஞ்சுகிறார். அது அதே சத்தத்தில் இன்னொரு முறை சொல்கிறது. குட்டி வீட்டுப்பாடக் கணக்கை எல்லாம் குளியலறையில் கண்ணாடியிடம் கேட்டே போட ஆரம்பித்துவிட்டாள்.

நீ "ஒன்றும் கவலையில்லை" என்று எழுதினால்தான் எனக்குக் கவலை பிடிக்கிறது. கண்ணாடியிடம் எப்படிப் பேசுவாய்? எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? உன் சூப்பர்வைசரிடம் நான் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கட்டுமா? வேண்டாம் என்பாய். சரி, விடு.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தொண்டை தேறிவிட்டதா? இந்தக் கடிதம் முழுக்க என் தொண்டையைப் பற்றித்தான் இருக்கப்போகிறது. அதனால் உன்னுடையதை முதலிலேயே விசாரித்துவிடுகிறேன்.

சோதனை வாக்கியம் இதுதான்: "கண்ணாடியே, குளிக்கத் தண்ணீர் காய வை." எந்த எழுத்துக்கு என் தொண்டை அடைக்குமோ அதையே மூன்று இடத்தில் வைத்திருக்கிறார்கள். எவனோ என் கழுத்தை அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. முதல் எழுத்திலேயே நான் நின்றுவிடுவேன். கண்ணாடி ஒன்றரை வினாடி பொறுக்கும். பிறகு ஒரு பெண் குரலில் ரொம்ப மரியாதையாக, "மன்னிக்கவும், கேட்கவில்லை" என்று சொல்லி அணைந்துவிடும்.

எங்கள் சூப்பர்வைசருக்கு 'விதி' என்று பெயர் வைத்திருக்கிறோம். எதற்கெடுத்தாலும் விதிப் புத்தகத்தைத் திறப்பார். அதில் ஆறாவது விதி: சோதனைக்காரர் இருமுறை சொல்லியும் கண்ணாடி செய்யாவிட்டால் சிவப்புச் சீட்டு ஒட்டவும். நான் இருமுறை சொன்னேன். கண்ணாடி செய்யவில்லை. சிவப்புச் சீட்டு ஒட்டினேன். அடுத்த கண்ணாடியை எடுத்தேன். முதல் நாள் மாலைக்குள் அறுபத்தொன்று.

விதி ஓடி வந்தார். "என்னப்பா இது? கண்ணாடியில ஒரு குறையும் இல்லையே!"

நான் ஆறாவது விதியைத் தொட்டுக் காட்டினேன்.

"அது வந்து... குறை கண்ணாடியில இல்லப்பா, அது..." என்று ஆரம்பித்து மென்று முழுங்கினார். அன்று திக்கியது அவர்தான்.

மறுநாள் இன்னும் ஐம்பத்தேழு. மொத்தம் நூற்றுப் பதினெட்டு கண்ணாடிகள் சிவப்புச் சீட்டோடு சுவரில் சாய்ந்து நின்றன. தலைமை அலுவலகத்திலிருந்து கண்ணாடிக்குப் பேச்சு எழுதும் இன்ஜினியரை அனுப்பினார்கள். ஒட்ட வெட்டிய முடி, சட்டைப் பையில் நாலு பேனா. அதனால் அவளுக்குப் பெயர் நாலு பேனா. அவள் என் பக்கத்தில் நின்று நான் பத்துக் கண்ணாடிகளைச் சோதிப்பதைப் பார்த்தாள். பிறகு, "உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும்?" என்று கேட்டாள்.

முப்பத்தாறு வயதில் இந்தக் கேள்வியை இப்போதுதான் முதன்முதலாக ஒருவர் என்னிடம் கேட்கிறார். நான் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தை அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். உள்ளதைச் சொல்கிறேன் அக்கா, அந்த இரண்டு நாளும் எனக்குப் பிடித்திருந்தது.

தம்பி

*

மார்ச் 9

அன்புத் தம்பி,

நூற்றுப் பதினெட்டா! மாமா உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார், சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. குட்டி பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம்.

சிரித்து முடித்த பிறகுதான் பயம் வந்தது. வேலையை விட்டு எடுத்துவிட்டால் என்ன செய்வாய்? உன் வயதில் வேறு இடத்தில் போய், நேர்முகத்தில் உட்கார்ந்து, கேள்விக்குப் பதில் சொல்லி... நினைத்தாலே எனக்கு மைக் முன்னால் வாய் வரவில்லை. நேற்று மூன்றாம் நடைமேடைப் பேருந்தை ஏழாம் நடைமேடைக்கு அனுப்பிவிட்டேன். ஜனங்கள் மூட்டையும் கையுமாக ஓடினார்கள்.

இங்கே கண்ணாடி என் பேச்சை மட்டும் தட்டாமல் கேட்கிறது. மாமாவோடுதான் ஒத்துப்போவதில்லை. அவர் பல் தேய்த்துக்கொண்டே பேசுகிறார், அது "மன்னிக்கவும்" என்கிறது. இவர் பிரஷ்ஷை எடுத்துவிட்டுத் திட்டுகிறார். திட்டுவது மட்டும் அதற்குத் தெளிவாகக் கேட்கிறது.

உன்னைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்கள் என்றால் எனக்குக் கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் ஏதாவது செய்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 24

அக்காவுக்கு,

நான் இப்போது பேக்கிங் பகுதியில் இருக்கிறேன். அட்டைப்பெட்டி மடித்து டேப் ஒட்டுகிறேன்.

விதி என் தோளில் கைபோட்டுத் தனியாக அழைத்துப் போனார். "கவலப்படாதப்பா. உங்க வீட்ல இருந்து போன் பண்ணி எல்லாம் விவரமா சொன்னாங்க. தம்பிக்குப் பேச்சு வராது, பேசாத வேலையா பாத்துக் குடுங்கன்னு ரொம்பக் கெஞ்சினாங்க. எனக்கே கஷ்டமாப் போச்சு."

எனக்கு வீடு என்று இருப்பது ஒன்றுதான்.

என் மேஜையில் இப்போது கடகடவென்று பேசுகிற ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நூற்றுப் பதினெட்டுக்கும் ஒரே நாளில் பச்சைச் சீட்டு ஒட்டி, எல்லாம் கடைகளுக்குப் போய்விட்டன. அவற்றுக்குப் பெட்டி மடித்தவன் நான்தான்.

நீங்கள் எல்லோரும் நலமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். நலமா?

தம்பி

*

ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். குட்டிக்குக் கணக்கில் நல்ல மதிப்பெண், கண்ணாடியின் புண்ணியம். மாமா எடையை இரண்டு கிலோ குறைத்துவிட்டார். கண்ணாடி அதைச் சொல்லும்போது மட்டும் குளியலறைக் கதவைத் திறந்து வைக்கிறார். பேருந்து நிலையத்தில் எனக்குப் புது நாற்காலி கொடுத்திருக்கிறார்கள், சுழலும் நாற்காலி.

பேக்கிங் வேலையில் முதுகு பிடித்துக்கொள்ளும். ரொம்பக் குனியாதே. பதில் போடு.

அக்கா

*

ஏப்ரல் 29

தம்பி,

பதில் வரவில்லை. தபால்காரர் நம் வாசலைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

போன கடிதத்தில் நாற்காலியைப் பற்றி எழுதினேன். எழுத வேண்டியதை எழுதவில்லை. நான்தான் போன் செய்தேன். "சரி, விடு" என்று உனக்கு எழுதிவிட்டு, மூன்றரை வாரம் கழித்து, நீ வேண்டாம் என்பாய் என்று தெரிந்தே செய்தேன். உனக்குப் பேச்சு வராது என்று என் வாயால் சொன்னேன். அந்த வார்த்தை எப்படித்தான் வந்ததோ. உனக்குப் பேச்சு வரும். எனக்குத்தான் காத்திருக்க வராது. மளிகைக் கடையில், டாக்டரிடம், உன் நண்பர்கள் முன்னால், எத்தனை தடவை உன் வாயிலிருந்து பிடுங்கிப் பேசியிருக்கிறேன்! அதை நான் உதவி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடு என்று கேட்பதற்குக்கூட உன் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். இருக்கிறேன்.

இன்னொன்று. உன் மேல் செய்த தப்புக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டும் என்று எனக்கு இருந்தது. கண்ணாடி கிடைத்தது. ஒரு வாரம் குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து கணக்கு எழுதினேன். பல் தேய்க்கும் நேரத்தில் மட்டும்தான், பயப்படாதே. மாமா இருபத்தொன்பது தடவை பேசினார், எட்டுத் தடவைதான் கேட்டது. குட்டி கொட்டாவி விட்டுக்கொண்டே முப்பத்து மூன்று தடவை, கேட்டது பன்னிரண்டு. எனக்கு இருபதுக்கு இருபது. மைக்கில் பிழைக்கிறவள் அல்லவா? பிறகு நானும் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு பேசிப் பார்த்தேன். இருபதுக்கு மூன்று.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். யாரிடமும் இதைப் பேசவில்லை, பேசவும் மாட்டேன். என்ன செய்வது என்பது உன் இஷ்டம்.

அக்கா

*

மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முதுகும் நன்றாக இருக்கிறது.

கோபம் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மெதுவாகப் போகும், நீ அவசரப்படுத்தாதே. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். போதும், இனி அதைப் பற்றி நீ எழுத வேண்டாம்.

பேக்கிங்கில் இருந்ததால் ஒன்றைப் பார்த்தேன். கடைகளிலிருந்து திரும்பி வரும் கண்ணாடிகளைப் பிரிப்பதும் எங்கள் வேலைதான். போன மாதம் முந்நூற்று நாற்பது வந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் வாங்கியவர் எழுதிய புகார்த் தாள் ஒன்று இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை, கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டுப் பெட்டியோடு கசக்கிவிடுவார்கள். நான் படித்தேன். "பல் தேய்க்கும்போது எதைச் சொன்னாலும் மன்னிப்புக் கேட்கிறது." "அப்பா பல் செட்டைக் கழற்றிவிட்டால் இது அவரை ஆளாகவே மதிப்பதில்லை." "குளிரில் நடுங்கும்போதுதானே ஐயா வெந்நீர் கேட்போம்?" எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு இதே குறை.

அந்தத் தாள்களோடு உன் தாளையும் சேர்த்துக்கொண்டு நாலு பேனாவிடம் போனேன். "வாயில நுரையோட நிக்கிற எல்லாருமே என்னை மாதிரிதான்" என்றேன். சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. அவள் நின்று கேட்டாள். கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தாள் பார், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விஷயம் என்ன தெரியுமா? பேச்சைச் சோதித்தவர்கள் எல்லோரும் குளிரூட்டிய அறையில், தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தவர்களாம். குளியலறைக் கண்ணாடியை ஒருவர்கூட பிரஷ்ஷோடு சோதிக்கவில்லை.

ஆனால் மேலே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆள் பாதியில் நின்றால் மீதி வாக்கியத்தைக் கண்ணாடியே ஊகித்து முடித்துவிடுமாம். கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் தட்ட வரவில்லை. முடித்துக்கொடுக்கிறவருக்கு அது உதவி. திறந்த வாயோடு நிற்கிறவனுக்கு அப்படி இல்லை. அவன் சொல்ல வந்ததை அவனுக்கு முன்னாலேயே யாரோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. ஆனாலும் உனக்குத்தான் எழுத முடிகிறது.

தம்பி

*

மே 21

அன்புத் தம்பிக்கு,

நலம். படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுத ஓடவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அந்தக் குறுக்கு வழி எங்கள் கண்ணாடிக்கும் வந்துவிட்டது. இன்டர்நெட்டில் அதுவாகவே ஏற்றிக்கொண்டதாம். நேற்று மாமா வேலைக்குக் கிளம்பி, இஸ்திரி போட்ட சட்டையோடு துண்டை எடுக்க ஷவருக்கு அடியில் குனிந்தார். "வெளிச்சம்" என்று சொல்ல வந்தார், "வெ" என்றதுமே அது வெந்நீர் என்று முடிவு கட்டித் திறந்துவிட்டது. சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, "நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள உனக்கென்ன அவ்வளவு அவசரம்?" என்று கத்தினார். குட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். சமையலறையில் இருந்த எனக்குத்தான் அது சுருக்கென்று பட்டது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. நீ என்ன வேண்டும் என்று நினைக்கிறாய்? எத்தனை பக்கம் ஆனாலும் எழுது. முழுதும் படிக்கிறேன்.

அக்கா

*

ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எல்லோருடைய சௌக்கியத்தையும் நேரில் விசாரிக்கப்போகிறேன், அதனால் இங்கே விட்டுவிடுகிறேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் ஒரு வரிதான். கண்ணாடி காத்திருக்க வேண்டும். எதிரே ஆள் நிற்பது அதற்குத் தெரியும். ஆள் நிற்கும் வரை அது அணையக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது, ஊகிக்கக் கூடாது. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு ஓரத்தில் ஒரு சின்ன நீல விளக்கு எரிந்தால் போதும். நானும் நாலு பேனாவும் மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து இதைச் செய்துவிட்டோம். வேகமாகப் பேசுகிறவருக்கு இப்போதும் உடனே செய்கிறது. தாமதம் வேண்டியவருக்குத் தாமதம்.

முதலாளி பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. சிறப்பு உதவின்னு ஒரு பேரு போட்டு உள்ள எங்கயாவது வச்சிடுவோம்" என்றார். ஏழு பொத்தான் அழுத்தினால்தான் அங்கே போகவே முடியும். நான் கூடாது என்றேன். எல்லாக் கண்ணாடியிலும், எல்லோருக்கும், எதையும் அழுத்தாமலே இது இருக்க வேண்டும். பல் தேய்க்க எவன் சிறப்பு உதவி கேட்டு விண்ணப்பம் போடுவான்?

அவர் நாள்காட்டியைப் புரட்டினார். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், இரண்டாயிரம் குளியலறைக்குக் கண்ணாடி வாங்க. "அவங்க முன்னாடி நீயே பேசிக் காட்டு. அவங்களுக்குப் பிடிச்சா எல்லாத்துக்கும் போடறேன். பிடிக்கலன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும்" என்றார். வேறு யாராவது என் சார்பில் பேசட்டும் என்று விதி நல்லெண்ணத்தோடு சொன்னார். நான்தான் பேசுவேன் என்றேன்.

பயமாக இருக்கிறது அக்கா. இந்தத் தடவை அதை மறைக்கவில்லை. தோற்றால் பேக்கிங் அறையில் டேப் ஒட்டியே காலம் போய்விடும், அதுகூடப் பரவாயில்லை. அன்று மண்டபத்தில் கூடும் இருநூறு பேர் முன்னால் என் தொண்டை அடைத்து, அந்தக் குரல் வந்து "மன்னிக்கவும்" என்று சொல்லிவிட்டால்?

வா. அனுமதிச் சீட்டு இணைத்திருக்கிறேன். உனக்கு மூன்றாவது வரிசை. உதவி மட்டும் செய்யாதே.

தம்பி

*

ஜூலை 4

என் தம்பிக்கு,

சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். பயணத்தில் ஒரு கண் மூடவில்லை. சந்தோஷத்தில் யாருக்குத் தூக்கம் வரும்?

மாமாவும் குட்டியும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள். மேடையில் ஒரு குளியலறையையே கட்டியிருந்தார்கள் என்று ஆரம்பிப்பேன். ஷவர், தொட்டி, நடுவில் கண்ணாடி. நீ வெள்ளைச் சட்டை போட்டிருந்தாய், இஸ்திரி சரியாக இல்லை. முதலாளியை மேடைக்குக் கூப்பிட்டு, அவர் கையில் பிரஷ்ஷையும் பற்பசையையும் கொடுத்தாய். அவர் முழித்ததைப் பார்க்க வேண்டுமே! கோட்டும் சூட்டுமாக வாய் நிறைய நுரையோடு நின்று பழைய கண்ணாடியிடம் வெந்நீர் கேட்டார். "மன்னிக்கவும், கேட்கவில்லை." மறுபடி கேட்டார். "மன்னிக்கவும்." நுரை கழுத்துப் பட்டையில் வழிந்தது. ஹோட்டல்கார அம்மாள் முதலில் சிரித்தார், பிறகு மண்டபமே சிரித்தது. முதலாளியும் துப்பிவிட்டுச் சிரித்தார். பெரிய மனுஷர்தான்.

பிறகு நீ புதுக் கண்ணாடி முன்னால் போய் நின்றாய்.

முதல் எழுத்திலேயே நின்றது. உன் கழுத்து நரம்பு எனக்கு மூன்றாவது வரிசை வரைக்கும் தெரிந்தது. என் வாய் தானாகத் திறந்தது தம்பி. அந்த வாக்கியம் முழுதாக என் நாக்கு நுனியில் இருந்தது. முன் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அதில் உட்கார்ந்திருந்தவர் திரும்பி முறைத்தார், நான் விடவில்லை. நீல விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. யாரும் இருமக்கூட இல்லை. "கண்ணாடியே" வந்தது. "குளிக்க" என்பதற்கு முன்னால் மறுபடி நின்றது, விளக்கும் நின்று எரிந்தது. "தண்ணீர் காய வை" என்று நீ முடித்ததும் ஷவர் திறந்து மேடை முழுக்க ஆவி பறந்தது. நான் எழுந்து நின்று கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. பேருந்து நிலையக் குரல், சின்னதாகவா இருந்திருக்கும்!

அந்த அம்மாள் கைதட்டி முடித்துவிட்டு முதலாளியிடம் சொன்னதை நானே கேட்டேன்: "எங்ககிட்ட வர்றவங்க பாதிப் பேரு தூக்கக் கலக்கத்துல பேசுறவங்க, மீதிப் பேரு வயசானவங்க. எங்களுக்கு எல்லா ரூம்லயும் இதுதான் வேணும்."

அதற்குப் பிறகு வாசலில் நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. அது உன் வாயால் நடந்தது. உன் கையாலேயே எனக்கு எழுதி அனுப்பு.

பூரிப்போடு,
அக்கா

*

ஜூலை 13

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? இங்கே எனக்கு நலத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. விதிகூட எனக்கு வணக்கம் வைக்கிறார்.

எல்லாக் கண்ணாடியிலும் போட்டுவிட்டார்கள். ஏற்கெனவே விற்றதற்கும் இன்டர்நெட்டில் அனுப்பிவிட்டார்கள், மாமா இனி நுரையோடு நிம்மதியாகப் பேசலாம். என்னைப் பழைய மேஜைக்கே கூப்பிட்டு, கூடவே இரண்டு பேருக்குத் தலைவனாகவும் ஆக்கியிருக்கிறார்கள். ஆறாவது விதியை விதியே திருத்தி எழுதினார். என் குரலில் தேறாத எந்தக் கண்ணாடியும் தொழிற்சாலையை விட்டுப் போகக் கூடாதாம். இன்று காலை மட்டும் நாற்பத்தொன்று பேசினேன். நாற்பத்தொன்றும் காத்திருந்தன.

வாசலில் நடந்ததை எழுதுகிறேன்.

அந்த அம்மாள் காரில் ஏறப் போனவர் திரும்பி வந்தார். நோட்டைத் திறந்துகொண்டு, "உங்க பேரைச் சொல்லுங்க. நீங்க பேசிப் பாத்த கண்ணாடிதான் வேணும்னு ஆர்டர்ல எழுதணும்" என்றார். எனக்கு உலகத்திலேயே கஷ்டமான வார்த்தை அதுதான் என்று உனக்குத் தெரியும். வேறு வார்த்தை அடைத்தால் அதற்குப் பதில் இன்னொன்றைப் போட்டுத் தப்பிக்கலாம், பெயருக்குப் பதில் எதைப் போடுவது? பள்ளியில் சேர்த்த அன்று நீ சொன்னாய். வங்கியில் நீ சொன்னாய். இந்த வேலைக்கு வந்த அன்று அடையாள அட்டையை நீட்டினேன்.

நீ பக்கத்திலேயே நின்றாய். அந்த அம்மாள் உன்னைப் பார்த்தார், இவராவது சொல்வாரா என்று. நீ சட்டென்று திரும்பிச் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியைப் பார்க்க ஆரம்பித்தாய். அதில் எழுதியிருந்ததை எல்லாம் படித்தாய். எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. நீ எண்ணியிருந்தால் சொல்லாதே.

சொன்னேன். அப்பா பெயரையும் சேர்த்து, முழுப் பெயரையும். அவர் எழுதி, சரியா என்று நோட்டைத் திருப்பி என்னிடம் காட்டினார். சரியாக இருந்தது.

உன் தம்பி